படுக்கைத் தட்டுப்பாடு வரும்போது பாலிசி விதிகள் எங்கே இடிக்கின்றன

நூறு படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. எல்லாப் படுக்கையும் நிரம்பியிருக்கிறது. நோயாளி ஒருவர் சராசரியாக எட்டு நாள் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தினமும் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வீட்டுக்குப் போயாக வேண்டும். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் ‘டிஸ்சார்ஜ்’ என்று எழுதிவிடுகிறார். அதற்குப் பிறகு இறுதி பில் தயாராகி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏவுக்குப் போய், அங்கிருந்து ஒரு கேள்வி திரும்பி வந்து, அதற்குப் பதில் போய், ஒப்புதல் வந்து சேர மாலை ஆகிவிடுகிறது. ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று போட்டாலே ஒரு நாளைக்கு 75 மணி நேரம். 24ஆல் வகுத்தால் மூன்று படுக்கைகள். குணமானவர்கள் துணிமணியை மூட்டை கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்று படுக்கைகள், தினமும்.

மற்ற நாளில் இது வெறும் எரிச்சல். வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நிற்கும் நாளில் அந்த மூன்று படுக்கைக்கு வேறு விலை. 2020லும் 2021லும் இன்சூரன்ஸ் விதிகளைத் தளர்த்தச் சொல்லி அழுத்தம் வந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். என்னென்ன தளர்த்தினார்கள், எது வேலை செய்தது, எதைத் தொடாமலே விட்டார்கள், அடுத்த முறை நோயாளி கூட்டம் திரளும்போது பாலிசி வைத்திருப்பவர் கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொரோனா முடிந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். மழைக்காலம் வந்து டெங்கு வார்டுகள் நிரம்பும்போது இதே விதிகள் இதே இடங்களில் இடிக்கின்றன.

மருத்துவக் காப்பீட்டு விதிகளில் பாதி, நோயாளிக்குத் தேர்வு இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. எந்த மருத்துவமனை, எந்த அறை, எத்தனை நாள், படுத்துத்தான் சிகிச்சை எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் நோயாளி முடிவு செய்வது. அந்த முடிவு செலவை ஏற்றிவிடாமல் இருக்கக் கடிவாளம் வேண்டும் என்பது கணக்கு. படுக்கை கிடைக்காத நாளில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, கிடைத்ததில் படுக்கிறார்கள். அதனால் அப்படிப்பட்ட நாட்களில் தேர்வை நம்பி நிற்கும் விதிகளைத் தளர்த்த வேண்டும். மோசடியைப் பிடிக்கும் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, பரிசோதனையை மட்டும் சிகிச்சைக்குப் பிறகு தள்ளிப்போட வேண்டும். என் அளவுகோல் இவ்வளவுதான். இதை வைத்துப் பார்த்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ செய்தது பாதி சரி.

ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

முதலில் நேரம். 2020 மார்ச் 4 அன்று வந்த சுற்றறிக்கை, கொரோனா க்ளெய்ம்களைத் துரிதமாக முடிக்க வேண்டும், தனிமைப்படுத்தி வைத்திருந்த காலத்தின் மருத்துவச் செலவையும் சேர்த்துத் தர வேண்டும், க்ளெய்ம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் எதையும் நிராகரிக்கக் கூடாது என்றது. ஏப்ரல் 18இல் வந்தது இன்னும் திட்டவட்டம்: கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) கோரிக்கைக்கு இரண்டு மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கும் இரண்டு மணி நேரம். 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒப்புதலுக்குக் காத்திருப்பதால் படுக்கைகள் முடங்குகின்றன என்று டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. 28ஆம் தேதி நீதிபதி பிரதிபா சிங் பிறப்பித்த உத்தரவு, முப்பதிலிருந்து அறுபது நிமிடத்துக்குள் ஒப்புதல் தரச் சொன்னது. மறுநாளே ஐஆர்டிஏஐ அறுபது நிமிடம் என்று சுற்றறிக்கை விட்டது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எவருக்கும் அது தெரியும். கோரிக்கையோடு ‘தேவையான எல்லா விவரங்களும்’ வந்து சேர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். டிபிஏ ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். பதில் போனால் மறுபடி முதலிலிருந்து. ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு கேள்வி, அதற்குப் பதில் வந்து ஐம்பதாவது நிமிடத்தில் இன்னொரு கேள்வி என்று போனால், விதியை ஒரு எழுத்துகூட மீறாமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். எல்லாக் கேள்வியும் தள்ளிப்போடுவதற்காகக் கேட்கப்படுவது என்று சொல்லவில்லை. அவசரத்தில் பாதி நிரப்பிய படிவங்கள் போவதும் உண்மை.

ஆகவே கடிகாரத்தை ஓட வைப்பது முதல் படிவம்தான். ப்ரீ ஆத் என்னும் முன்ஒப்புதல் படிவத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி காலியாக இருப்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் ஊற்று. அங்கே இருக்க வேண்டியவை: எந்தத் தேதியிலிருந்து என்ன தொந்தரவு; சேர்க்கும்போது காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு; ஏன் படுக்க வைக்க வேண்டும் என்று ஒரு வரி; என்ன சிகிச்சை, எத்தனை நாள்; அறை வகை; தோராயச் செலவு, பிரித்து எழுதியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் எத்தனை வருடமாக என்பது மிக முக்கியம். ‘சர்க்கரை நோயாளி’ என்று மட்டும் எழுதினால் ‘எப்போதிலிருந்து, முதல் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்’ என்று கேள்வி வருவது ஏறக்குறைய நிச்சயம். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்ததா என்று பார்க்கத்தான் அது. நோயாளியோடு வந்தவர் ‘ஒரு பத்து வருசமா இருக்கும்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிட, பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ஆதார், பான், பாலிசி அட்டை நகல்களைப் போனில் ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருந்தால் இன்னொரு சுற்று மிச்சம்.

ஐசியூவுக்கு மாற்றினாலோ, சொன்னதைவிட அதிக நாள் தங்கினாலோ, கூடுதல் தொகைக்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். இதை என்ஹான்ஸ்மெண்ட் என்பார்கள். மருத்துவமனைகள் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்து இறுதி பில்லோடு சேர்த்து அனுப்புவதுதான் டிஸ்சார்ஜ் தாமதத்தின் இன்னொரு மூலம். இரண்டு நாளைக்கு ஒரு முறை இடைக்கால பில்லை அனுப்பச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் மாலையே டிஸ்சார்ஜ் சம்மரியின் வரைவும் அன்றுவரை ஆன பில்லும் டிபிஏவுக்குப் போய்விட்டால், மறுநாள் ஒரு நாள் மருந்துக் கணக்கு மட்டும்தான் பாக்கி இருக்கும். ஒப்புதல் வரும்வரை படுக்கையிலேயே காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. திருப்பித் தரும் முன்பணத்தையோ எழுத்துமூல உறுதியையோ வாங்கிக்கொண்டு நோயாளியை வெளியே ஓர் அறையில் உட்கார வைக்கலாம்; சில மருத்துவமனைகள் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கின்றன. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவமனை நிர்வாகத்தின் சோம்பலை நாம் பேசுவதே இல்லை.

2024 மே 29 அன்று வந்த மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சுற்றறிக்கை இந்த நேர வரம்பை எல்லா நோய்க்கும் நிரந்தரமாக்கியது. கேஷ்லெஸ் முடிவுக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம். மூன்று மணியைத் தாண்டினால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். 2021இல் ஒரு மணி நேரமாக இருந்தது மூன்றாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் காசுத் தண்டனை இல்லாத ஒரு மணி நேரத்தைவிடத் தண்டனை உள்ள மூன்று மணி நேரம் மேல். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் உடலை உடனே ஒப்படைக்க வழி செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. 2021 மே மாதத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வரி ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

எது மருத்துவமனை?

நேரத்தைக் குறைத்தால் மூன்று படுக்கை மிச்சமாகும். இடத்தின் வரையறையைத் தளர்த்தினால் முந்நூறு படுக்கை புதிதாகப் போடலாம். தளர்த்தியதில் உண்மையிலேயே பலன் தந்தது இதுதான் என்பது என் கருத்து. இதற்குக் கிடைத்த விளம்பரமோ மிகக் குறைவு.

பாலிசியில் ‘மருத்துவமனை’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கும். உரிய சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊரில் 15, இருபத்துநாலு மணி நேரமும் தகுதியுள்ள செவிலியர், டாக்டர், எல்லா வசதியும் கொண்ட ஆபரேஷன் தியேட்டர், தினசரிப் பதிவேடு. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ஆக்சிஜன் குழாய் இழுத்து ஐம்பது படுக்கை போடுகிறீர்கள். டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். தியேட்டர் இல்லை, பதிவும் இல்லை. பாலிசியின் கண்ணில் அது மண்டபம்தான்.

2020 ஜூலை 16 சுற்றறிக்கை இந்த முடிச்சை அவிழ்த்தது. மத்திய, மாநில அரசு அனுமதித்த தற்காலிக மருத்துவமனையில், டாக்டர் அல்லது உரிய அதிகாரி சொல்லி கொரோனா நோயாளி சேர்க்கப்பட்டால், பாலிசியின் வரையறை என்னவாக இருந்தாலும் செலவைத் தர வேண்டும். கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை அதை நடத்தினால், அது அந்த மருத்துவமனையின் நீட்சியாகக் கருதப்பட்டு அங்கேயும் கேஷ்லெஸ் கிடைக்க வேண்டும். சென்னை வர்த்தக மையத்தில் போட்ட படுக்கைகள் அரசுடையவை, அங்கே சிகிச்சைக்குக் காசில்லை, அதனால் இந்தச் சிக்கலே எழவில்லை. தனியார் மருத்துவமனைகள் ஓட்டல் அறைகளை எடுத்து நடத்திய இடங்களில்தான் சண்டை.

அங்கே க்ளெய்ம் விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பில். அறை வாடகை ஓட்டல் பெயரில், டாக்டர் கட்டணம் மருத்துவமனை பெயரில், மருந்து வெளிக் கடையில். மூன்று பில்லையும் சேர்த்துப் பார்க்கும் அதிகாரிக்கு அது ‘ஓட்டலில் தங்கினார், டாக்டர் வந்து பார்த்தார்’ என்றுதான் தெரியும். எல்லாம் ஒரே மருத்துவமனையின் பில்லில், அதன் பதிவு எண்ணோடு வர வேண்டும். அந்த இடத்தைத் தற்காலிக மருத்துவமனையாக அனுமதித்த அரசு உத்தரவின் நகல் வேண்டும். சேர்க்கச் சொன்ன டாக்டரின் சீட்டு வேண்டும். தினசரி மருத்துவக் குறிப்பும் நர்ஸின் சார்ட்டும் வேண்டும். இவை இல்லையென்றால் நோய் ஓய்வுக்காகத் தங்கினார் என்ற விலக்கு தயாராக நிற்கிறது.

வீட்டில் படுத்தால்

இந்திய பாலிசிகளில் படுக்கைப் பஞ்சத்தை முன்கூட்டியே யோசித்த ஒரு பிரிவு ரொம்ப நாளாகவே இருக்கிறது. டொமிசிலியரி சிகிச்சை என்று பெயர். மருத்துவமனையில் எடுக்க வேண்டிய சிகிச்சையை இரண்டு சூழ்நிலையில் வீட்டில் எடுத்தால் செலவு கிடைக்கும்: நோயாளியை நகர்த்த முடியாத நிலை, அல்லது மருத்துவமனையில் இடம் கிடைக்கவில்லை. குறைந்தது மூன்று நாள் சிகிச்சை நடக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.

படிக்க அருமையாக இருக்கிறது. அடுத்த பத்தியைப் படித்தால்தான் வேடிக்கை. பல பழைய பாலிசிகளில் இந்தப் பிரிவுக்குப் பொருந்தாத நோய்கள் என்று ஒரு பட்டியல்: ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, இருமல் சளி, இன்ஃப்ளூயன்சா, மேல் சுவாசப்பாதைத் தொற்று, சர்க்கரை, ரத்த அழுத்தம். சுவாசத் தொற்று அலைபோல் வந்து மருத்துவமனைகள் நிரம்பும்போது உதவ வேண்டிய பிரிவு, சுவாசத் தொற்றுகளையே வெளியே நிறுத்தியிருக்கிறது. உங்கள் பாலிசியில் இந்தப் பட்டியல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புது பாலிசிகளில் ‘ஹோம் கேர்’ என்ற பெயரில் தனிப் பிரிவு இருக்கலாம், அதன் நிபந்தனை வேறு.

2020 ஜூலை 10ஆம் தேதிக்குள் எல்லா நிறுவனங்களும் விற்றாக வேண்டும் என்று ஐஆர்டிஏஐ சொன்ன கொரோனா கவச் பாலிசி, வீட்டுச் சிகிச்சையைச் சரியாகவே வடிவமைத்தது. ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை தொகை, மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதக் காலம், 15 நாள் காத்திருப்பு. வீட்டில் 14 நாள் வரை சிகிச்சைச் செலவு. ஆக்சிஜன் சிலிண்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், நெபுலைசர் வரை அதில் அடக்கம். மருத்துவமனையில் சேர்ந்தால் பிபிஇ கிட், கையுறை, முகக்கவசச் செலவும் கிடைத்தது. சாதாரண பாலிசிகளில் இந்தப் பொருட்கள் ‘தர வேண்டியதில்லை’ பட்டியலில் போய்விடுவதால் நோயாளி தலையில் விழுந்துகொண்டிருந்தன.

வீட்டுச் சிகிச்சை க்ளெய்ம்கள் விழுந்த இடம் ஒன்றே ஒன்று: தினசரி சார்ட். டாக்டர் வீட்டில் இருக்கச் சொன்ன எழுத்துமூல அறிவுரை, அரசு அங்கீகரித்த ஆய்வகத்தின் பாசிட்டிவ் முடிவு, இவற்றோடு ஒவ்வொரு நாளும் காய்ச்சல், ஆக்சிஜன், நாடி, கொடுத்த மருந்து எல்லாம் எழுதி டாக்டர் கையெழுத்திட்ட சார்ட் வேண்டும் என்பது நிபந்தனை. வீடியோவில் பார்த்த டாக்டர் வாட்ஸ்அப்பில் ‘கன்டினியூ சேம்’ என்று போட்ட செய்தியை வைத்துக்கொண்டு பலர் நின்றார்கள். ஒரு நோட்டில் காலை, மாலை இரண்டு வேளை குறித்து, தினமும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பி, கடைசியில் மொத்தத்துக்கும் கையெழுத்தும் பதிவு எண்ணும் வாங்கினால் போதும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்றால் வாடகை ரசீது நோயாளி பெயரில் இருக்கட்டும். டாக்டர் சீட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று இருக்கட்டும். விலைக்கு வாங்கினால் அது சாதனம் வாங்கியதாகப் போய்விடும்.

‘இடம் கிடைக்கவில்லை’ என்பதை எப்படி நிரூபிப்பது? 2021இல் தமிழக அரசின் இணையதளம் எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று காட்டியது. தேதி, நேரம் தெரிய அதன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களிடம் சான்று இருந்தது. அப்படி ஒரு பக்கம் இல்லாத சமயத்தில், இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி, ‘படுக்கை இல்லை’ என்ற பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. போனில் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

படுக்க வேண்டிய நோயா?

கொரோனா காலத்தின் மிக மோசமான தகராறு இதுதான், டெங்குவிலும் இதுவே. சேர்ந்து, சிகிச்சை எடுத்து, வெளியே வந்த பிறகு, ‘இதை வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்’ என்று நிராகரிப்பு வரும். பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டும் சேர்ந்தால் செலவு கிடையாது என்ற விலக்கு, நான்காம் எண்ணில், எல்லா நிறுவன பாலிசியிலும் ஒரே வாசகத்தில் இருக்கிறது.

கொரோனாவின் தொடக்க மாதங்களில் தொற்று உறுதியான எல்லோரையும் சேர்க்கச் சொன்னது அரசு. லேசான தொற்று உள்ளவர்கள் வீட்டில் இருக்கலாம் என்ற வழிகாட்டுதல் 2020 ஏப்ரல் 27இல்தான் வந்தது. அரசே சேரச் சொன்னதை ‘தேவையில்லாத சேர்க்கை’ என்று பின்னால் சொல்வது என்ன நியாயம்? இரண்டாம் அலையில் அளவுகோல் தெளிவாகிவிட்டது. ஆக்சிஜன் 90–93 அல்லது மூச்சு நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால் மிதமான நிலை, வார்டு. 90க்குக் கீழ் அல்லது மூச்சு 30க்கு மேல் என்றால் தீவிரம், ஐசியூ. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மூச்சுத்திணறலுடன் வந்தார்’ என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. ‘சேர்க்கும்போது ஆக்சிஜன் ஏற்றாமல் 91, மூச்சு 26’ என்று எண் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

டெங்குவில் தட்டணுக்கள் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும்போது சேர்த்தால் ‘ஏன்?’ என்ற கேள்வி வரும். சேர்த்ததற்கான காரணம் எச்சரிக்கை அறிகுறிகளில் இருக்கிறது: கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறத் தட்டணு வேகமாகச் சரிவது. இதில் எது இருந்ததோ அது சேர்க்கைக் குறிப்பில் முதல் நாளே இருக்க வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாள்தான் டெங்குவில் ஆபத்து அதிகம் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், க்ளெய்ம் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘காய்ச்சல் இல்லை’ என்ற குறிப்பு வேறு பொருள் தரும். அன்றும் ஏன் படுக்கையில் வைத்திருந்தோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கூட்டம் நெரியும் நாளில், குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் செலவு கிடைக்கும் என்ற விதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே பத்து மணி நேரம் ஆக்சிஜன் ஏற்றிவிட்டு, வார்டில் படுக்கை கிடைத்த நேரத்தைச் சேர்க்கை நேரமாகப் போடுவார்கள். சிகிச்சை தொடங்கிய நேரம்தான் பதிவாக வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் முதல் இடத்தின் மாற்றச் சீட்டில் சேர்த்த நேரம், அனுப்பிய நேரம் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தொடாமல் விட்டது

அறை வாடகை வரம்பு. மூன்று லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகை நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000. அந்த அறை காலியில்லை, 6,000 ரூபாய் அறைதான் இருக்கிறது. ஏழு நாள். அறைக்கு 42,000, டாக்டர் வருகை முதலியவற்றுக்கு 40,000, மருந்தும் பரிசோதனையும் 60,000, மொத்தம் 1,42,000. தகுதியைவிட இரண்டு மடங்கு வாடகை என்பதால் அறையில் பாதி, அதோடு சேர்ந்த செலவிலும் பாதி வெட்டு. 21,000 + 20,000 + 60,000 என்று 1,01,000 கிடைக்கும். மீதி 41,000 நோயாளியுடையது. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகள் இவற்றை இந்த விகித வெட்டில் சேர்க்கக் கூடாது, ஐசியூ கட்டணத்துக்கும் பொருத்தக் கூடாது என்று 2020இல் விதி மாறியது நல்லது. அதற்கு முன் எல்லாவற்றிலும் கை வைப்பார்கள்.

விகித வெட்டின் நியாயம், வசதியான அறையைத் தேர்ந்தெடுத்தவர் அதற்கான செலவை ஏற்கட்டும் என்பது. தேர்ந்தெடுக்க அறையே இல்லாதபோது அந்த நியாயம் எங்கே நிற்கிறது? 2020 ஏப்ரல், ஜூலை, 2021 ஏப்ரல் சுற்றறிக்கைகளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. தகுதியான வகை அறை காலியில்லை என்று மருத்துவமனையிடம் எழுதி வாங்கி க்ளெய்மோடு வைக்கலாம். நிறுவனம் ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் பிறகு குறைதீர்ப்பாளரிடம் போகும்போது அந்தக் காகிதம் பேசும்.

இன்னொன்று, ஐஆர்டிஏஐக்கு மருத்துவமனைகள் மேல் அதிகாரம் கிடையாது. அது இன்சூரன்ஸ் நிறுவனங்களையும் டிபிஏக்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். 2021 ஏப்ரலில் பல மருத்துவமனைகள் கேஷ்லெஸ் பட்டியலில் இருந்துகொண்டே ரொக்கம் கேட்டன. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலையிட்டு ஐஆர்டிஏஐ தலைவரிடம் பேச வேண்டியிருந்தது. ரொக்கம் கேட்டதற்குப் பின்னால் விலைத் தகராறு இருந்தது. தமிழக அரசு 2020 ஜூனில் சாதாரண வார்டுக்கு நாளைக்கு 5,000 முதல் 7,500, ஐசியூவுக்கு 15,000 என்று உச்சவரம்பு வைத்தது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பும் தனக்கென ஒரு விலைப் பட்டியல் போட்டது. மருத்துவமனைகளுக்கு இரண்டும் கசந்தன. விலையைக் கட்டுப்படுத்தாமல் காப்பீட்டு விதியை மட்டும் தளர்த்தினால் பணம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகுமே தவிர, நோயாளிக்கு மிச்சமாகாது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையின் மேல் புகார் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போக வேண்டும். மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் சட்டம் மாநிலத்துடையது.

மூன்றாவது, நேர வரம்பைத் தவிர மற்றத் தளர்வெல்லாம் கொரோனாவின் பெயரிலேயே நின்றுவிட்டது. தற்காலிக மருத்துவமனைச் சுற்றறிக்கையில் நோயின் பெயர் இருக்கிறது. நாளைக்கு வேறொரு தொற்று வந்தால் மறுபடி முதலிலிருந்து கோரிக்கை, வழக்கு, சுற்றறிக்கை. அமெரிக்காவில் இதற்கு ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். அதிபர் அவசரநிலை அறிவித்து, சுகாதாரத் துறையும் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தால், முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் பல நிபந்தனைகளைத் தள்ளிவைக்கும் அதிகாரம் பிறக்கிறது. மருத்துவமனையில் மூன்று நாள் தங்கினால்தான் பராமரிப்பு இல்லத்துக்கான செலவு கிடைக்கும் என்பது மெடிகேர் விதி. 2020இல் அதைத் தள்ளிவைத்தார்கள். நெருக்கடி முடிந்ததாக அறிவித்த 2023 மே 11 வரை அந்தத் தளர்வு நீடித்தது. மூன்று நாள் கணக்குக்காகப் படுக்கையை அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அறிவிப்பு வந்தால் தளர்வுக்கு வழி தயார், அறிவிப்பு போனால் தளர்வும் போகும். நோயின் பெயர் அங்கே பொருட்டே இல்லை. நம்மிடம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. அதன் அறிவிப்போடு அறை வரம்பு, தற்காலிக மருத்துவமனை, வீட்டுச் சிகிச்சை மூன்றையும் கட்டிப்போட ஒரு பக்கம் போதும்.

நிராகரித்துவிட்டால்

தாமதமாகக் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் காரணமாக்கி நிராகரிக்க முடியாது. நியாயமான காரணத்தால் தாமதமான க்ளெய்ம்களை அதை வைத்துத் தள்ளக் கூடாது என்று 2011 செப்டம்பர் 20 அன்றே ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், கூரியர் ஓடவில்லை என்பவை நியாயமான காரணங்கள்தாம். கடிதத்தில் அந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிடுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதியின் கீழ் என்று எண் இல்லாவிட்டால் அதைக் கேட்டு வாங்குங்கள். அவர்களின் பதிலில் திருப்தி இல்லை, அல்லது ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனம் கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேசலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களைக் கேட்பார்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் அதே விவகாரத்தை ஏற்கெனவே போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள்.

மனுவோடு டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்தால் போதாது. கேஸ் ஷீட்டின் முழு நகலையும் மருத்துவமனையிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. நர்ஸின் மணிவாரிச் சார்ட்டில்தான் அந்த ‘ஆக்சிஜன் 91’ இருக்கும்.